அப்பாவிடம் பழகிய தொழிலுக்கு ஒன்ராறியோவில் அனுமதி வேண்டுமா?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் முறிவு நெரிவு வைத்தியம் செய்த குடும்பம் எங்களுடையது. எண்ணெய் போட்டு உருவுவது, பிடிப்பு எடுப்பது எல்லாம் அப்பாவிடம் பழகினேன். இங்கே தொழிற்சாலை வேலை போனபிறகு, ஸ்காபுரோவில் எங்கள் வீட்டு பேஸ்மன்றில் பெண்களுக்கு மட்டும் மசாஜ் செய்கிறேன். தமிழ்க் கடைகளில் துண்டுப்பிரசுரம் வைத்திருந்தேன், அதில் ஒன்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போன கிழமை மசாஜ் கல்லூரியிலிருந்து, நிறுத்தும்படி ஒரு கடிதம் வந்தது. நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லையே, எனக்கு ஏன் எழுதுகிறார்கள்? மசாஜ் தெரபிஸ்டாகப் பதிவு பெற்ற, தெரிந்த ஒருவர் தன் பதிவு எண்ணில் காப்புறுதி ரசீது எழுதித் தருகிறேன், பாதிப் பணம் தா என்கிறார். செய்யலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

கல்லூரி என்ற பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அங்கே யாரும் படிப்பிப்பதில்லை. ஒன்ராறியோவில் மருத்துவர், தாதி, பல் வைத்தியர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் சட்டப்படி ஒரு ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அதைத்தான் இங்கே 'காலேஜ்' என்கிறார்கள். மசாஜ் தொழிலுக்கான அமைப்பு 1991ஆம் ஆண்டின் மசாஜ் சிகிச்சைச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. பதிவு செய்யாதவர்களுக்கும் கடிதம் எழுத, தேவைப்பட்டால் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்க அதற்கு அதிகாரம் உண்டு.

ஒருவரின் முதுகை வெறுமனே உருவிவிடுவதை இந்த மாகாணச் சட்டம் தடை செய்யவில்லை. பலருக்கு இது தெரியாது. சட்டம் காவல் காப்பது பெயரை. அதனால் உங்கள் துண்டுப்பிரசுரத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்போம்.

'அனுபவமிக்க மசாஜ் தெரபிஸ்ட்' என்பது முதல் வரி. பதிவு பெற்ற உறுப்பினர் தவிர வேறு யாரும் இந்தப் பட்டத்தைப் பயன்படுத்தக் கூடாது. 'தமிழில்தானே போட்டேன்' என்று கேட்பீர்கள். அதையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்: பட்டத்தின் சுருக்கம், திரிபு, வேறு மொழியில் அதற்கு இணையான சொல், எல்லாமே தடைக்குள் வரும். 'மசாஜ் சிகிச்சையாளர்' என்று தூய தமிழில் போட்டாலும் தப்ப முடியாது. முதல் தடவை குற்றம் நிரூபணமானால் தண்டம் 25,000 டொலர் வரை போகலாம், அடுத்த தடவை 50,000 வரை.

இரண்டாவது வரி 'பரம்பரை வைத்தியர்'. இது இன்னும் மோசம். சுகாதார சேவை தரும்போது 'டொக்டர்' என்ற பட்டத்தையோ வேறு மொழியில் அதற்கு இணையானதையோ, சட்டம் அனுமதித்த சில தொழிலினர் மட்டுமே பயன்படுத்தலாம். யாழ்ப்பாணத்தில் உங்கள் அப்பாவை ஊரே வைத்தியர் என்று கூப்பிட்டது உண்மைதான். ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்கு வேறு கனம்.

மூன்றாவது, 'கழுத்துச் சுளுக்கு, மூட்டு விலகல் சரிசெய்யப்படும்'. இந்த வரியைப் படித்ததும் எனக்கே கொஞ்சம் பயம் வந்தது. முறிந்த எலும்பையோ விலகிய மூட்டையோ பொருத்துவது, கழுத்தையோ முதுகெலும்பையோ 'படக்' என்று நெட்டி முறிப்பது இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட செயல்கள். சட்டம் அதிகாரம் கொடுத்த தொழிலினர் தவிர மற்றவர்கள் செய்தால் தண்டத்தோடு ஒரு வருடம் வரை சிறையும் கிடைக்கலாம். எண்ணெய் மசாஜ் வேறு, இது வேறு. யார் கெஞ்சிக் கேட்டாலும் இதைத் தொடாதீர்கள்.

நான்காவது, 'காப்புறுதி ரசீது வழங்கப்படும்'. இப்போது அந்த நண்பரின் யோசனைக்கு வருவோம். வேலைத்தலக் காப்புறுதித் திட்டங்கள் பொதுவாகப் பதிவு பெற்ற சிகிச்சையாளர் தன் கையால் செய்த சிகிச்சைக்குத்தான் பணம் தரும். நீங்கள் செய்ததை அவர் செய்ததாக எழுதினால் அது பொய்ப் பத்திரம். அவருக்குப் பதிவே போகலாம். உங்கள் இருவர் மீதும் குற்றவியல் சட்டப்படி மோசடி வழக்கு வரலாம், மொத்தத் தொகை 5,000 டொலரைத் தாண்டினால் அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டு. ரசீதைச் சமர்ப்பித்த உங்கள் வாடிக்கையாளரும் விசாரணையில் மாட்டுவார். தன் கம்பனியில் வேலையைப் பறிகொடுக்கும் அந்த அக்காவும் நம் ஊர்க்காரியாகத்தான் இருப்பார்.

சரி, வழி என்ன?

பதிவு பெற வேண்டுமென்றால், அங்கீகரிக்கப்பட்ட மசாஜ் சிகிச்சைப் படிப்பை முடித்து, கல்லூரியின் தேர்வுகளில் தேறி, பொலிஸ் பதிவுச் சோதனை, தொழில்சார் பொறுப்புக் காப்புறுதி, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ போதிய புலமை எல்லாம் காட்ட வேண்டும். வெளிநாட்டில் முறையாகப் படித்தவர்களுக்குத் தகுதி மதிப்பீடு என்று தனிப் பாதை இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் பழகியதற்கு டிப்ளோமா கிடையாது, அதனால் அந்தப் பாதை உங்களுக்குத் திறக்காது. வேலை இழந்தவர் என்பதால், அப்படிப்பட்டவர்களின் மறுபயிற்சிக்கு மாகாண அரசு தரும் 'பெற்றர் ஜொப்ஸ் ஒன்ராறியோ' உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் உடற்கூற்றியல் கொல்லும் என்பார்கள். கைவேலையில் நீங்கள் மற்றவர்களை முந்திவிடுவீர்கள்.

பட்டம் வேண்டாம், உடம்பு இளைப்பாற எண்ணெய் மசாஜ் மட்டும் செய்கிறேன் என்றால், ஸ்காபுரோ ரொறன்ரோவுக்குள் இருப்பதால், ரொறன்ரோ மாநகரசபைக்குப் போக வேண்டும். மாகாணப் பதிவு இல்லாமல் இப்படியான உடல்நல சேவை செய்பவருக்கு ஹொலிஸ்ரிக் பிராக்ரிஷனர் என்ற அனுமதிப்பத்திரம், செய்யும் இடத்துக்கு ஹொலிஸ்ரிக் சென்ரர் என்று இன்னொன்று. சபை ஏற்றுக்கொண்ட, இந்தத் தொழில் செய்பவர்களின் சங்கம் ஒன்றில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். அங்கேயும் வீட்டு பேஸ்மன்றில்தான் இடறும். உங்கள் முகவரியில் இந்தத் தொழிலுக்கு இடமுண்டா என்று மாநகரசபையின் 311 இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அது தெரியும்வரை காசு வாங்கி யாரையும் படுக்க வைக்காதீர்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், எண்ணெய்க் காலோடு படியில் வழுக்கி விழுபவரின் வழக்கை அவர்கள் பொறுப்பேற்க மாட்டார்கள். வருமான வரி வழக்கம்போல. வருட வரவு 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரியும் சேரும்.

கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை. குறிப்பிட்ட திகதிக்குள், அந்தப் பெயர்களைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டேன் என்று இரண்டு மூன்று வரியில் எழுதுங்கள். ஏன் செய்தேன், எத்தனை பேருக்குச் செய்தேன் என்றெல்லாம் விளக்க வேண்டாம். அனுப்புமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். அப்புறம், நிறுத்திவிட்டேன் என்று எழுதும்போது அது உண்மையாக இருக்க வேண்டும். முகநூல் பக்கம் இருந்தால் நீக்குங்கள். துண்டுப்பிரசுரம் வைத்த ஒவ்வொரு கடைக்கும் நீங்களே நேரில் போங்கள். காசாளர் மேசையில் இருப்பதை எடுத்துவிட்டு, கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதையும் மறக்காமல் கிழியுங்கள்.