எக்ஸ்700 போதும், எக்ஸ்800எம்2-க்குக் கூடுதல் பணம் வேண்டாம்

சோனியின் 4கே ப்ளூ-ரே ப்ளேயர்களான எக்ஸ்700, எக்ஸ்800எம்2 (சுருக்கமாக எம்2) இரண்டில் எதை வாங்கலாம் என்று கேட்டீர்களே, எக்ஸ்700-ஐயே எடுங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோடு கடைக்காரர் எம்2-இல் படம் இன்னும் துல்லியம் என்றாராம், ஆனால் எச்டிஎம்ஐ (டிவியோடு இணைக்கும் கேபிள்) வழியே வரும் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது. எம்2-இல் உடம்பு கனம், ப்ளூடூத்தும் உண்டு. வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு ப்ளூடூத் ஹெட்போன் மாட்டிப் படம் பார்க்கிறவர் என்றால் மட்டும் எம்2-ஐப் பற்றி யோசியுங்கள்.

இரண்டிலும் டால்பி விஷன் (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் முறை) இருக்கிறது, ஆனால் உங்களுடையது சாம்சங் டிவி, அது டால்பி விஷனை ஏற்காது, எதை வாங்கினாலும் அதைவிடச் சாதாரணமான எச்டிஆர்10 முறைதான். அதனால் அந்தப் பேச்சையே விடுங்கள்.

சிங்கப்பூரில் வாங்கிய ப்ளூ-ரே இந்திரா நகர் நண்பர் வீட்டில் ஓடவில்லை என்றீர்களே, அதற்கு அநேகமாக ரீஜன்தான் காரணம், அதாவது எந்த நாட்டு வட்டு எந்த நாட்டு ப்ளேயரில் ஓடும் என்ற பிரிவு. சிங்கப்பூர் ஏ, இந்தியா சி. வட்டின் அட்டைப் பின்பக்கம் சின்ன அறுகோணத்துக்குள் ஏ, பி, சி என்று போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். மூன்றும் இருந்தால் கோளாறு வேறு எங்கோ. 4கே வட்டுகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஒன்று மட்டும் கவனம். கடையில் இருக்கும் ப்ளேயர் துபாய்ச் சரக்கு என்றால் அது ரீஜன் பி-யாக இருக்கும், மெனுவில் போய் மாற்ற வழியில்லை. டிவிடிக்கு வேறு கணக்கு: சிங்கப்பூர் 3, இந்தியா 5. உங்கள் வட்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய், போட்டுக் காட்டச் சொல்லி, அப்புறம் காசைக் கொடுங்கள்.