விசேஷமாக ஒன்றுமில்லை

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுப் பள்ளியில் ஆசிரியை. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்க் குளத்துக்குப் போனேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பைனாகுலர், அதுவும் இரவல். முக்கால் மணி நேரம் கரையில் நடந்து 16 வகை எழுதினோம். காகம் 42, மைனா 19, மடையான் 11 என்று போகிறது எங்கள் பட்டியல். ஒரு ஜோடிக்குப் பெயர் தெரியாமல் 'தெரியாத வாத்து 2' என்று எழுதி வைத்தோம். நாமக்கோழி ஏராளம். 300 என்று குத்துமதிப்பாகப் போட்டேன்.

அடுத்த ஞாயிறு டவுனில் ஒரு குழு பறவை பார்க்கக் கிளம்புகிறது என்று கேள்விப்பட்டுப் பிள்ளைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டேன். எங்கள் நோட்டைப் புரட்டிப் பார்த்த ஒருவர் (முழ நீளத்துக்கு லென்ஸ் வைத்திருந்தார்), "காக்கா மைனாவை எல்லாம் எதுக்கு டீச்சர் எண்ணிக்கிட்டு? நல்ல பறவை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது ஒரு பையன் கேட்டான்: "அப்போ காக்கா நல்ல பறவை இல்லையா டீச்சர்?"

என்னிடம் பதில் இல்லை. நாங்கள் எண்ணுவதால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா? அந்த 300-ம் உறுத்துகிறது. எண்ணாமல் ஒரு எண்ணை எழுதுவது பொய்தானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

*

அன்புள்ள டீச்சர்,

அந்த லென்ஸ்காரர் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. இருபத்தைந்து வயதில் நானும் அவர்தான். லென்ஸ் ஒன்றுதான் குறைச்சல்.

உங்கள் கடிதம் வந்த அன்று பரணில் கிடந்த பழைய டைரிகளை இறக்கினேன். 17 டிசம்பர் 1995, ஞாயிறு, கூந்தன்குளம். வரித்தலை வாத்துக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். தலையில் எத்தனை கறுப்புப் பட்டை, புல்லை எப்படி மேய்ந்தது, கூட்டமாகக் கிளம்பும்போது என்ன சத்தம், எல்லாம் இருக்கிறது. ஓரத்தில் ஒரு படம்கூட வரைந்திருக்கிறேன். வாத்து மாதிரி இல்லை, மூக்குச் செம்பு மாதிரி இருக்கிறது. இமயமலையைத் தாண்டி வந்த பறவை ஆயிற்றே, அந்த மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

மறுநாள் திங்கட்கிழமை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிற நாள். அந்தப் பக்கத்தில் ஒரே வரிதான்: "விசேஷமாக ஒன்றுமில்லை."

டீச்சர், அந்தச் சாலையில் கரண்டுக் கம்பி நெடுகப் பனங்காடை உட்கார்ந்திருக்கும். சும்மா இருக்கும்போது தவிட்டு நிறத்தில் தலை பெருத்த ஒரு பறவை, அவ்வளவுதான். புல்லில் ஒரு வெட்டுக்கிளி அசைந்து, அது கம்பியை விட்டு இறங்கினால் போதும், இறக்கையில் இரண்டு விதமான நீலம் பளீரென்று விரியும். திரும்பப் போய் உட்கார்ந்ததும் மறுபடி தவிட்டு நிறம். அதைப் பார்த்துக்கொண்டே மிதித்ததில் ஒரு தடவை தண்ணீர்க் குடம் கட்டிய சைக்கிள் மேல் மோதி வசவு வாங்கியிருக்கிறேன். அந்த வசவு நினைவிருக்கிறது. பனங்காடை எத்தனை இருந்தது என்பதுதான் நினைவில்லை. ஐந்தா, பதினைந்தா? டைரியில் ஒரு இடத்திலும் இல்லை. தினமும் இருக்கிற பறவையை எவன் எழுதுவான்?

போன மாதம் அதே சாலையில் ஸ்கூட்டரில் மெதுவாகப் போனேன். இரண்டு பார்த்தேன். அன்றைக்கு எத்தனை என்று தெரியாமல் இன்றைய இரண்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? 'அந்தக் காலத்தில் நிறைய இருந்தது' என்று பெருமூச்சு விடலாம். அதற்குப் பறவை பார்க்கத் தெரிய வேண்டியதில்லை, வயசானால் போதும்.

என்னிடம் இல்லாத கணக்கு வேறு ஆட்களிடம் இருந்தது. 2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண ஆட்கள் கொடுத்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியது. பனங்காடை 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது என்றும், உலக அளவில் அதற்கு அழியும் ஆபத்து எவ்வளவு என்று மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. மயில் பெருகியிருக்கிறது என்றும் இருக்கிறது. உங்கள் ஊர் விவசாயிகளுக்கு அதை யாரும் சொல்ல வேண்டாம். அந்த 3 கோடியில் நான் 1995-ல் எழுதிய ஒன்றரைப் பக்கத்துக்கு இடம் கிடையாது. இனி வரும் கணக்கில் உங்கள் 42 காகத்துக்கு இடம் உண்டு.

ஏன் என்று பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். பறவைப் பட்டியல்களைச் சேர்த்து வைக்கும் ஈபேர்டு என்ற செயலியில் உங்கள் பட்டியலை ஏற்றும்போது கடைசியில் ஒரு கேள்வி வரும்: அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் எழுதினீர்களா, இல்லை சிலவற்றை விட்டுவிட்டீர்களா? பலர் படிக்காமலே ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. நீங்கள் 'எல்லாவற்றையும் எழுதினேன்' என்று சொன்னால், எழுதாத பறவையும் ஒரு தகவல் ஆகிவிடும். உங்கள் குளத்தில் அன்று பனங்காடை கண்ணில் படவில்லை என்று ஆகிறது. இப்படி 100 பட்டியல் இருந்தால் எத்தனை பட்டியலில் பனங்காடை இருக்கிறது என்று பார்க்கலாம். சில வருஷம் கழித்து அடுத்த 100 பட்டியலில் பார்க்கலாம். கூடியதா குறைந்ததா என்று பெரும்பாலும் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். 'நல்ல பறவை' மட்டும் எழுதுகிறவருடைய பட்டியலில் காகம் இல்லை என்றால், காகம் இல்லையா, அவர் எழுதவில்லையா? எப்படித் தெரியும்?

சிட்டுக்குருவி கதையும் இதுதான். செல்போன் டவரால் குருவி அழிந்தே போயிற்று என்று வாட்ஸப்பில் எத்தனை ஒப்பாரி! எண்ணியவர்களின் கணக்கைப் பார்த்தால், பெருநகரங்களில் குறைந்திருக்கிறது, நாடு முழுக்க எடுத்தால் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. 2020-ல் வந்த முதல் அறிக்கையே இதைச் சொல்லிவிட்டது. ஒப்பாரி நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் பையனுக்குச் சொல்லப் பாறு கழுகின் கதை இருக்கிறது. செத்த மாட்டைத் தின்னும் பாறு 1980களில் வட இந்தியா முழுக்கக் காகம் மாதிரித்தான் இருந்தது. யாரும் அதை 'நல்ல பறவை' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். 1990களின் தொடக்கத்தில் சிலர் சாலை சாலையாக வண்டியில் போய் அதையும் எண்ணி எழுதி வைத்திருந்தார்கள். 2000-ல் அதே சாலைகளில் மறுபடி போனபோதுதான் விழுந்திருக்கிற பள்ளம் எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. மாட்டுக்குப் போடுகிற டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். மருந்து ஏறிய மாட்டைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெட்டுவிடுகிறது. 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குப் போடத் தடை வந்தது. 2007-ல் எண்ணியபோது பாறுகளில் ஒரு வகையான வெண்முதுகுப் பாறு 1992-ல் இருந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் தடவை எண்ணியவர்கள், 'இதைப் போய் எதுக்கு எண்ணணும்' என்று விட்டிருந்தால்?

சரி, உங்கள் 300-க்கு வருகிறேன்.

அது பொய் இல்லை. ஆனால் குத்துமதிப்பிலும் ஒரு முறை உண்டு. கூட்டத்தில் ஓர் ஓரத்தைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து தண்ணீரில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே அளவுத் துண்டுகளாகக் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள். முப்பது துண்டு வந்தால் 300. ஓர் ஓரம் நெருக்கமாகவும் மறு ஓரம் கலைந்தும் இருக்கும், அதற்குத் தக்கபடி துண்டைப் பெரிதாக்க வேண்டும். நாமக்கோழிக்கு நெற்றியில் வெள்ளை நாமம் இருப்பது நமக்கு வசதி. தூரத்திலும் வெள்ளைப் புள்ளியை எண்ணினால் போதும்.

இதற்கு வீட்டிலேயே பயிற்சி எடுக்கலாம். சுளகில் ஒரு கை துவரம்பருப்பை இறைத்து, ஐந்து விநாடி பார்த்துவிட்டு எத்தனை என்று சொல்ல வேண்டும். பிறகு உட்கார்ந்து எண்ண வேண்டும். முதல் நாள் நான் 150 என்றேன், எண்ணினால் 230-க்கு மேல் இருந்தது. கூட்டம் பெரிசாகப் பெரிசாக நம் கண் குறைத்துத்தான் சொல்லும். அநேகமாக எல்லாருக்கும் அப்படித்தான். நாலைந்து நாள் பழகினால் கிட்டத்தட்ட வந்துவிடும். பருப்பும் வீணாகாது, சாம்பாருக்குப் போய்விடும்.

ஒரே பறவையை இரண்டு தடவை எண்ணிவிடுவோமோ என்ற சந்தேகம் வந்தால், ஒரே நேரத்தில் சேர்ந்து பார்த்த அதிகபட்ச எண்ணை எழுதுங்கள். புதருக்குள் செம்போத்து ஒரு முறை கத்தி, பத்து நிமிஷம் கழித்து நாலு பனை தள்ளிக் கத்தினால் அது ஒன்றுதான். இரண்டு ஒன்றுக்கொன்று பதில் சொன்னால் மட்டும் இரண்டு.

உங்கள் நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது 'தெரியாத வாத்து 2'. அனுபவசாலிகள் பலருக்கு இதை எழுதக் கை வராது. ஏதாவது ஒரு பெயரைப் போட்டுவிடுவார்கள். ஈபேர்டிலும் இனம் தெரியாத வாத்து என்று போட இடம் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு வருஷத்துக் கணக்கை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தை உங்கள் மாவட்டத்துக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. நான் வருஷாவருஷம் எண்ணப் போகும் குளத்தில் கரை உடைந்து தண்ணீர் வடிந்துவிட்டது. அடுத்த மாதம் போனால் ஒரு நாமக்கோழிகூட இல்லை. சேற்றில் நெடுங்கால் உள்ளான்கள் மட்டும் கம்மல் போட்ட மாதிரி அங்கங்கே நின்றன. பதறிப்போய்ப் பக்கத்துக் குளத்துக்குப் போனால் நாமக்கோழி அத்தனையும் அங்கே. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-லிருந்து ஜனவரிதோறும் தன்னார்வலர்கள் ஒரே சமயத்தில் குளம் குளமாகப் பிரிந்து போய் எண்ணுவது இதனால்தான். ஒரு குளத்தை மட்டும் பார்த்துவிட்டு அழுவதிலும் அர்த்தம் இல்லை, சிரிப்பதிலும் அர்த்தம் இல்லை.

டவுன் குழுவை விட்டுவிடாதீர்கள். பெயர் தெரியாத பறவைக்கு அங்கேதான் பதில் கிடைக்கும், அந்த லென்ஸ்காரரிடமே கிடைக்கும். ஆனால் முப்பது பேர் சேர்ந்து கரையில் நடந்தால் அது ஊர்வலம். எண்ணுவதற்கு ஏழு பிள்ளைகள் சரியான அளவு. ஒருத்தி பார்க்க, ஒருவன் எண்ண, ஒருத்தி எழுத. முறை மாற்றி மாற்றி விடுங்கள், இல்லாவிட்டால் பைனாகுலருக்குச் சண்டை வரும். கூடு இருந்தால் தள்ளி நின்றே பார்க்கட்டும். குளத்தில் மீன் பிடிக்கிறவரிடமும் வாத்து மேய்க்கிறவரிடமும் பேச்சுக் கொடுங்கள். உங்களுக்குப் பெயர் தெரியாத அந்த இரண்டும் எந்த மாதம் வந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

பொங்கல் கணக்கெடுப்பு 2015-லிருந்து வருஷம் தவறாமல் நடக்கிறது, குறைந்தது 15 நிமிஷம் எண்ணினால் போதும். ஆனால் பொங்கலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை, அதே கரை, அதே முக்கால் மணி நேரம். கோடையில் குளம் வறண்டு கிடந்தாலும் போங்கள். 'தண்ணீர் இல்லை, காகம் 9' என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

ஒரு சந்தேகம். அந்த 42-ல் கழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கும் ஊர்க்காகம் எத்தனை, முழுக் கறுப்பான அண்டங்காக்கை எத்தனை? இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் அடுத்த தடவை பிரித்து எழுதச் சொல்லுங்கள். பஸ்ஸில் கேள்வி கேட்ட அந்தப் பையனிடமே இந்த வேலையைக் கொடுங்கள்.