குரோஷே வலைப்பூவுக்குப் பின்ட்ரெஸ்ட் மூலம் வாசகர்களைக் கொண்டுவர முடியுமா?

கேள்வி: ஆறு மாதமாகக் குரோஷே பின்னல் பற்றி வலைப்பூ எழுதுகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பேர்கூட வருவதில்லை. பின்ட்ரெஸ்டில் சேர்ந்தால் வாசகர்கள் வருவார்களா? எனக்கு நன்றாகப் படம் எடுக்க வராது. தினமும் அரை மணி நேரம்தான் கிடைக்கும்.

பதில்:

வருவார்கள். அதுவும் நீங்கள் எழுதுவது குரோஷே என்பதால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் முதல் மூன்று நான்கு மாதம் எதுவுமே அசையாதது போல இருக்கும். பலர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தளம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் அந்த மாதங்களைத் தாண்டிவிடலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி எட்டு வருடமாக எழுதுகிறேன். முதல் இரண்டு வருடம் வேறொரு சமூக வலைத்தளத்தில்தான் பாடுபட்டேன். செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்றுவிடாமல் சேர்ந்து, புதிதாக எழுதியதும் லிங்கைக் கொண்டுபோய்ப் போடுவேன். லைக் விழும். ‘அருமை’ என்று நாலு கமென்ட் வரும். வலைப்பூவின் கணக்கைத் திறந்து பார்த்தால் உள்ளே வந்தவர்கள் ஏழெட்டுப் பேர்தான் இருப்பார்கள். மறுநாள் அந்தப் பதிவு குழுவில் எங்கே போனது என்றே தெரியாது. அங்கே மக்கள் பேசுவதற்காக வருகிறார்கள். நடுப்பேச்சில் ஒருவரைக் கூப்பிட்டு, வேறு இடத்துக்கு வந்து நீளமாக ஒன்றைப் படியுங்கள் என்றால் அவர் எப்படி வருவார்? அவர்கள் மேல் தப்பே இல்லை.

பின்ட்ரெஸ்டுக்கு வருபவரின் மனநிலை வேறு. 2010-இல் தொடங்கிய தளம் அது. பிடித்த படங்களைத் தலைப்பு வாரியாக ஒரு போர்டில் குத்தி வைத்துக்கொள்ளும் இடம். குத்தி வைக்கும் ஒவ்வொரு படமும் ஒரு ‘பின்’. 2024-இல் மாதத்துக்கு 50 கோடிப் பேருக்கு மேல் அதைப் பயன்படுத்தினார்கள். யாரோடும் பேச அவர்கள் வருவதில்லை. எதையோ செய்யப் போகிறார்கள், எப்படிச் செய்வது என்று தேட வருகிறார்கள். பின்னைத் திறந்து அதில் இருக்கும் லிங்கைத் தொட்டால் அது எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கம் திறக்கும். அதாவது வெளியே போவது அங்கே இயல்பான செயல். அதோடு, பதிவுகள் தேதி வரிசையில் கீழே இறங்கிக் காணாமல் போவதில்லை. தேடுபவருக்குப் பொருந்தினால் பழைய பின்னும் மேலே வரும். என் வலைப்பூவுக்கு இன்றைக்கும் அதிகம் பேரைக் கொண்டுவருவது ஐந்து வருடத்துக்கு முன்னால் போட்ட ஒரு பின்தான். அதன் தலைப்பு: ‘இலை நுனி ஏன் கருகுகிறது?’

அந்த ஒரு பின்னிடமிருந்துதான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். அது அழகான படம் இல்லை. ஒரு நோஞ்சான் இலை, நுனி பழுப்பாக இருக்கும், மேலே பெரிய எழுத்தில் அந்தக் கேள்வி, அவ்வளவுதான். அதே வாரத்தில், ஜன்னல் வெளிச்சத்தில் தளதளவென்று நிற்கும் ஒரு செடியின் படத்தையும் போட்டிருந்தேன். அந்தப் படத்தை ஆயிரக்கணக்கில் சேமித்துக்கொண்டார்கள். ஆனால் அதைத் தொட்டு வலைப்பூவுக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ரொம்ப நாள் யோசித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. அழகான படம் தன்னளவில் முழுமையாக இருக்கிறது. பார்த்தாயிற்று, ரசித்தாயிற்று, எடுத்து வைத்தாயிற்று, அதற்கு மேல் வர என்ன தேவை இருக்கிறது? இலை கருகுகிறவர் நிலைமை அப்படி இல்லை. செடி செத்துவிடுமோ என்ற கவலையோடு அவர் தேடுகிறார். தண்ணீர் கூடிவிட்டதா, காற்று வறண்டிருக்கிறதா, மண்ணில் உப்பு சேர்ந்துவிட்டதா என்று தன் செடியைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். அது ஒரு படத்தில் அடங்காது. படிக்க வந்துதான் ஆக வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பின்னி முடித்த போர்வையின் படத்தை நிறையப் பேர் சேமிப்பார்கள். வாசகரைக் கொண்டுவருவது பின்னுகிறவர் சிக்கிக்கொள்ளும் இடங்கள். ‘ஓரம் ஏன் உள்ளே சுருங்கிக்கொண்டே போகிறது?’, ‘நடுவில் நூலை மாற்றினால் முடிச்சு தெரியாமல் இருக்க என்ன செய்வது?’ போன்றவை. இன்னொன்று, புதிதாகப் பழகுகிறவர்களைப் படாத பாடு படுத்துவது. அமெரிக்க முறையில் சிங்கிள் குரோஷே என்று எழுதுவதும் பிரிட்டிஷ் முறையில் டபுள் குரோஷே என்று எழுதுவதும் ஒரே தையல்தான். இது தெரியாமல் பின்னியவருக்கு அளவே மாறிப்போயிருக்கும். ஊசி அளவிலும் இதே குழப்பம் உண்டு. 5 மில்லிமீட்டர் ஊசியை அமெரிக்காவில் எச்-8 என்பார்கள். இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பதிவு எழுதி, அதற்கு ஒரு பின் போட்டால் அது வருடக்கணக்கில் உழைக்கும். பெயர்கள் இரண்டாக இருப்பதைப் படம் காட்டட்டும். கையில் இருக்கும் பேட்டர்ன், அதாவது பின்னும் முறையை வரி வரியாகச் சொல்லும் குறிப்பு, எந்த முறையில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்கும் வழியைப் பதிவு சொல்லட்டும். படம் எதைச் சொல்லி அழைத்ததோ அது பதிவில் கட்டாயம் இருக்க வேண்டும், முதல் இரண்டு மூன்று பத்திகளுக்குள்ளேயே. இல்லையென்றால் வந்த வேகத்தில் போய்விடுவார்கள், இனி உங்கள் பெயரைப் பார்த்தாலும் தொட மாட்டார்கள்.

எந்தச் சொற்களைப் போடுவது என்று தெரியாவிட்டால் பின்ட்ரெஸ்டின் தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டி நிறுத்துங்கள். மற்றவர்கள் என்ன தேடுகிறார்கள் என்று அதுவே கீழே காட்டும். நாம் வைக்க நினைக்கும் கவித்துவமான தலைப்பை யாரும் தேடுவதில்லை. எனக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கஷ்டமாகத்தான் இருந்தது. வலைப்பூவில் உங்களுக்குப் பிடித்த தலைப்பை வையுங்கள். பின்னில் மட்டும் தேடுபவரின் சொல்லையே வையுங்கள்.

மற்ற வேலைகள் ஒரு நாளில் முடிந்துவிடும். பிசினஸ் கணக்காகத் தொடங்குங்கள், இலவசம்தான். உங்கள் வலைப்பூ உங்களுடையது என்று உறுதிசெய்யும் வசதி அமைப்புகளில் இருக்கும். அது தரும் ஒரு வரி குறியீட்டை வலைப்பூவின் HTML-இல் ‘head’ என்ற பகுதியில் ஒட்டினால் போதும். படம் நெட்டுக்குத்தாக, 1000-க்கு 1500 பிக்சல் அளவில் இருக்கட்டும். எழுத்து, கைபேசியில் கண்ணைச் சுருக்காமல் படிக்கிற அளவுக்குப் பெரிதாக வேண்டும். ஓரத்தில் வலைப்பூவின் பெயரைச் சிறிதாகப் போட்டுவிடுங்கள். படத்தை எடுத்துத் தங்கள் லிங்கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் காப்புரிமைப் புகார் கொடுக்கப் படிவம் இருக்கிறது.

அப்புறம், எண்களில் ஏமாறாதீர்கள். உங்கள் பக்கத்தில் மாதாந்தரப் பார்வைகள் என்று ஒரு பெரிய எண் தெரியும். யாரோ ஒருவர் திரையில் உங்கள் படம் வந்து போனாலே அதில் சேர்ந்துவிடும். அந்த எண் ஏற ஏற நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்த ஒரு மாதத்தில், வலைப்பூவுக்கு வந்தவர்கள் முந்தைய மாதத்தைவிடக் குறைவு. பார்க்க வேண்டியது ‘அவுட்பவுண்ட் க்ளிக்’ என்ற கணக்கை மட்டும்தான். எத்தனை பேர் உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. இன்னொரு ஆசையையும் விட்டுவிடுங்கள். பின்னில் இருக்கும் லிங்க் ‘நோஃபாலோ’ வகை, அதாவது தரவரிசைக்குக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் லிங்க், அதனால் கூகுள் தேடலில் உங்கள் இடம் உயரும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது. பின்ட்ரெஸ்டிலிருந்து வருபவர் தன் சந்தேகம் தீர்ந்ததும் கிளம்பிவிடுவார். யார் வலைப்பூ என்றுகூடப் பார்த்திருக்க மாட்டார். ஒரு வருடம் முழுக்க வந்தவர்களை எண்ணி மகிழ்ந்தேனே தவிர, அவர்களில் திரும்பி வந்தவர்கள் யார் என்று பார்க்கவில்லை. பார்த்தபோது மனம் உடைந்தது. கிட்டத்தட்ட யாருமே இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த இலைப் பதிவின் அடியில், எந்தச் செடிக்கு எப்போது தண்ணீர் என்று ஒரு பக்க அட்டவணை செய்து வைத்தேன். மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் அனுப்புவேன். மாதம் இருமுறை, புதிதாக எழுதியதை அவர்களுக்கு நானே கடிதம்போல எழுதி அனுப்புகிறேன். இன்று என் பதிவுகளுக்குக் கேள்வி கேட்கிறவர்கள், தப்பைச் சுட்டிக்காட்டுகிறவர்கள், செடி பிழைத்துவிட்டது என்று படம் அனுப்புகிறவர்கள், எல்லாரும் அந்தப் பட்டியலில் இருப்பவர்கள்தான். அவர்களைத்தான் என் வாசகர்கள் என்று சொல்வேன். நீங்கள் ஒரு சின்னப் பூவுக்கான பேட்டர்னை அச்செடுத்துக்கொள்ளும் விதமாகச் செய்து வைக்கலாம். இதை முதல் நாளே செய்துவிடுங்கள், என்னைப்போல ஒரு வருடம் விடாதீர்கள். தளங்கள் நிலையாக இருப்பதில்லை. வலைப்பூக்களை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரை 2013 ஜூலையில் மூடினார்கள், கூகுள் பிளஸ் என்ற சமூக வலைத்தளத்தை 2019 ஏப்ரலில் மூடினார்கள். அவற்றையே நம்பி எழுதியவர்களுக்குத் தங்கள் வாசகர்களை வேறு இடத்துக்குக் கூப்பிட வழி இல்லாமல் போனது.

சரி, படம் எடுக்க வராது என்றீர்கள். ஜன்னல் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில், சாதாரண வெள்ளைத் துணியை விரித்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு மேலேயிருந்து எடுங்கள். முடித்த பொருளைவிட, ஊசியும் நூலும் கையில் இருக்கும்போது பாதிப் பின்னலை எடுத்தால் நல்லது. தேடுபவரும் அந்த நிலையில்தான் இருக்கிறார். அரை மணி நேரம் தாராளம். தினமும் எதையாவது போட வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாள் உட்கார்ந்து ஒரே பதிவுக்கு வெவ்வேறு படம், வெவ்வேறு தலைப்பு என்று மூன்று பின்கள் செய்து, வெவ்வேறு நாட்களில் வெளியாகும்படி அங்கேயே நேரம் குறித்து வைத்துவிடலாம். குளிர்காலத் தொப்பி, பண்டிகைப் பரிசு மாதிரியானவற்றை இரண்டு மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள். பின்னி முடிக்க நாள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியேதான் தேடுவார்கள்.

இதுவரை எழுதியதில் எந்தப் பதிவுக்கு உங்களிடம் அதிகம் கேள்வி கேட்டார்களோ, அதிலிருந்து தொடங்குங்கள். முதல் பின் வெளியானதும் அதைக் கைபேசியில் ஒருமுறை தொட்டு, சரியான பதிவுதான் திறக்கிறதா என்று பாருங்கள். நான் ஆரம்பத்தில் போட்ட பன்னிரண்டும் வலைப்பூவின் முகப்புக்கே போய்க்கொண்டிருந்தன. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.