முண்டுக் மலைக் கிராமத்தில் 20 சென்ட்: வாங்குவது நிலத்தையா, 25 வருடத்தையா?

கேள்வி: எனக்கு 54 வயது. கோவையில் வேலை, இன்னும் நான்கு வருடத்தில் ஓய்வு. மனைவியுடன் பாலிக்குப் போனபோது வடக்கே முண்டுக் என்ற மலைக் கிராமத்தில் மூன்று நாள் தங்கினோம். கிராம்புத் தோட்டம், அருவி, குளிர் எல்லாம் பிடித்துப்போய்விட்டது. அங்கே ஒரு தரகர் 8 ஏர் இடம் காட்டினார். இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, உள்ளூர்க்காரர் ஒருவர் பெயரில் 180 கோடி ருப்பியாவுக்குக் கிரயம் செய்துகொண்டு எங்களுக்குத் தனி ஒப்பந்தம் எழுதித் தருவது. இன்னொன்று 25 வருடக் குத்தகை; ஏருக்கு வருடம் 50 லட்சம் ருப்பியா வீதம் மொத்தமும் முன்பணம். 120 சதுர மீட்டர் வீடு கட்ட சதுர மீட்டருக்கு 80 லட்சம் ருப்பியா ஆகுமாம். நாங்கள் இல்லாத நாட்களில் ஓர் இரவுக்கு 12 லட்சம் ருப்பியா வாடகைக்கு விடலாம், வருடத்தில் 75% நாட்கள் நிரம்பும் என்கிறார். கையில் 75 லட்சம் ரூபாய் இருக்கிறது. மீதிக்குக் கோவை வீட்டை அடமானம் வைக்கலாம் என்று எண்ணம். எந்த வழி நல்லது?

பதில்: முதல் வழி வேண்டவே வேண்டாம். இரண்டாவது வழி சட்டப்படி சரி, ஆனால் அதை முதலீடு என்று சொல்ல முடியாது. வீட்டை அடமானம் வைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

கணக்குக்கு முன்னால் அளவைச் சரிசெய்துகொள்வோம். அங்கே சொல்லும் ஏர், நம் பட்டாவில் ஹெக்டேருக்குப் பக்கத்தில் எழுதும் அதே ஏர்தான்: 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 8 ஏர் என்றால் ஏறக்குறைய 20 சென்ட். அவர்கள் ‘ஜுத்தா’ என்பது 10 லட்சம், ‘மில்லியார்’ என்பது 100 கோடி. இரண்டையும் மாற்றிக் கேட்டுக்கொண்டு முன்பணம் பேசியவர்கள் உண்டு. எந்தத் தொகையானாலும் பூஜ்யங்களோடு எழுதி வாங்குங்கள். ஒரு ரூபாய்க்குச் சுமார் 190 ருப்பியா என்று வைத்து எழுதுகிறேன்.

உள்ளூர்க்காரர் பெயரில் கிரயம் என்பது நம் ஊர் பினாமிதான். இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு நிலச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி முழு உரிமை, அதாவது ‘ஹக் மிலிக்’, அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். 26-ஆம் பிரிவு இன்னும் கடுமை: நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு நிலம் போய்ச் சேரும் விற்பனை செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. தரகர் எழுதித் தருவதாகச் சொல்லும் தனி ஒப்பந்தம் உங்களைக் காப்பாற்றாது. அந்த மறைமுக ஏற்பாட்டுக்கு அதுவே சாட்சியாக நிற்கும். பெயர் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் இறந்தால் வாரிசுகள், கடன்பட்டால் வங்கி, விவாகரத்தானால் மனைவி என்று மூன்று பக்கமும் வாசல் திறந்தே இருக்கும்.

வெளிநாட்டவர் தம் பெயரிலேயே வீடு வைத்துக்கொள்ள ‘ஹக் பக்காய்’ என்ற பயன்பாட்டு உரிமை இருக்கிறது: 30 வருடம், நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30. ஆனால் பாலியில் தனி வீட்டுக்குக் குறைந்தபட்ச விலை 500 கோடி ருப்பியா, அதாவது 2.63 கோடி ரூபாய். குடும்பத்துக்கு ஒரு மனை மட்டும். வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அதற்கு முதலீட்டுத் திட்டமே 1,000 கோடி ருப்பியாவைத் தாண்ட வேண்டும், பொதுவாக நிலமும் கட்டடமும் அதில் சேராது. உங்கள் அளவுக்கு இரண்டும் இல்லை. மிஞ்சுவது ‘ஹக் சேவா’ என்ற குத்தகை.

குத்தகையை நம் ஊர் ஒத்தி மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஒத்தியில் கெடு முடிந்தால் முதல் திரும்பி வரும். இதில் 25-ஆவது வருடம் முடிந்த மறுநாள் நிலம் உரிமையாளருக்கு, அதில் நீங்கள் கட்டிய வீடும் பெரும்பாலும் அவருக்கே. கையில் மிஞ்சுவது பூஜ்யம்.

இப்போது செலவைப் பாருங்கள். நிலத்துக்கு 8 × 50 லட்சம் × 25 = 100 கோடி ருப்பியா. கட்டடம் 96 கோடி. குத்தகைத் தொகைக்கு 10% இறுதி வரி உண்டு. அது உரிமையாளர் கட்ட வேண்டியது, ஆனால் ‘எனக்கு நிகரமாக இவ்வளவு’ என்று பேசி குத்தகைதாரர் தலையில் கட்டுவது அங்கே சர்வசாதாரணம். 10 கோடி சேருங்கள். நோட்டரிக்கு ஒரு கோடி. மலைச்சரிவில் தடுப்புச் சுவர், கழிவுத் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, கட்டட அனுமதி வரைபடம் எல்லாவற்றுக்கும் 10 கோடியாவது ஒதுக்க வேண்டும். மொத்தம் 217 கோடி ருப்பியா, 1.14 கோடி ரூபாய். 25-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 8.68 கோடி ருப்பியா கரைகிறது. கட்டி முடிக்க ஒரு வருடம் போனால் சம்பாதிக்கக் கிடைப்பது 24 வருடமே.

வரவு? தரகர் சொல்லும் 75 சதவிகிதத்தையே ஒப்புக்கொள்வோம். 274 இரவு, 32.9 கோடி ருப்பியா. முன்பதிவுத் தளங்களின் கமிஷன் 17% போட்டால் 5.6 கோடி, நிர்வகிப்பவருக்கு 20% என்றால் 6.6 கோடி, ஆள் சம்பளம், மின்சாரம், தோட்டம், பராமரிப்புக்கு 6.5 கோடி. மீதி 14.2 கோடி. அதில் கரையும் 8.7 கோடியைக் கழித்தால் 5.5 கோடி, நம் பணத்தில் 2.9 லட்சம், அதுவும் வரிக்கு முன்னால். 1.14 கோடி போட்டு இரண்டரை சதவிகிதம். அதே பணம் 6.5% வைப்பு நிதியில் 7.4 லட்சம் தரும், முதலும் அப்படியே இருக்கும். நிரம்பும் நாட்கள் 45% என்று வைத்தால் செலவு போக மிஞ்சுவது 5.9 கோடி ருப்பியாதான், கரைவதைவிடக் குறைவு. முண்டுக்குக்கு வருகிறவர்கள் அருவி பார்த்து இரண்டு இரவு தங்கிவிட்டுக் கடற்கரைக்கு இறங்குகிறவர்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழை. 75% எங்கிருந்து வந்தது என்று தரகரிடம் கேளுங்கள்.

இந்தக் கணக்குக்கும் முன்னால் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. கிராமத்து வீடுகள் விருந்தினருக்கு அறை விடும் ‘பொண்டோக் விசாத்தா’ உரிமம் இந்தோனேசியர்களுக்கானது. குத்தகை கையில் இருப்பதால் மட்டும் நீங்கள் வாடகைக்கு விட முடியாது. சுற்றுலா விசாவில் வந்து வாடகைத் தொழில் நடத்தினால் நாட்டைவிட்டு அனுப்புவார்கள். உரிமையாளர் பெயரில் உரிமம் எடுத்து அவரே நடத்தி உங்களுக்குப் பங்கு தருவதாக எழுதலாம். அப்போது வருமானம் முழுக்க அவர் கையில்.

ஊரைப் பற்றி. முண்டுக், புலேலெங் மாவட்டத்தின் பஞ்சார் வட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 800 மீட்டர் உயரத்தில் ஒரு மலைமுகட்டின் மேல் நீளமாகக் கிடக்கும் ஊர். கீழே வடக்குக் கடற்கரையில் உள்ள சிங்கராஜா நகரத்தில் இருந்த டச்சு அதிகாரிகள் குளிருக்காக வந்து ஓய்வு விடுதிகள் கட்டிய இடம். விமான நிலையம் தீவின் தெற்கு முனையில். பெடுகுல் வழியாக இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அவசர மருத்துவம் என்றால் சிங்கராஜாவுக்கு இறங்க வேண்டும். ஓய்வுக் காலத்தை அங்கே கழிக்க நினைப்பவருக்கு அருவியைவிட முக்கியமான தகவல் இது.

மூன்று நாளில் கண்ணில் படாதது ஈரம். மேகம் வீட்டுக்குள் நுழையும் உயரம் அது; சுவர் கறுக்கும், மெத்தை பூஞ்சை பிடிக்கும், பதப்படுத்தாத மரம் சில வருடத்தில் உளுத்துப்போகும். தரகர் அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட்டில் எடுத்தவை. ஜனவரியில் ஒருமுறை போய், மழை பெய்யும்போதே இடத்தில் நில்லுங்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மேல்சரிவில் மண் வெட்டிய தழும்பு இருக்கிறதா, சாலையிலிருந்து இறங்கும் பாதையில் சிமென்ட் லாரி வருமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மண்சரிவில் அந்த மலைச்சாலைகள் அடைபடுவது உண்டு.

கிராம்பு மரங்களைத் தனியாகக் கேட்க வேண்டும். பெரும்பாலான உரிமையாளர்கள் இடத்தைக் குத்தகைக்கு விட்டாலும் மொட்டு பறிக்கும் உரிமையை விட மாட்டார்கள். அறுவடைக் காலத்தில் நீண்ட மூங்கில் ஏணிகளோடு ஆட்கள் உங்கள் முற்றத்துக்கு வருவார்கள். வீட்டுக்காக எத்தனை மரம் வெட்டலாம், மரத்துக்கு என்ன இழப்பீடு, அறுவடை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எண்ணிக்கையோடு இருக்கட்டும். கிராம்பு விலையைக் காட்டி நில விலையை ஏற்றிப் பேசினால் மசியாதீர்கள். ஒரு வருடம் அள்ளித் தரும் மரம் அடுத்த வருடம் கை விரிக்கும். தவிர ஹக் சேவா கட்டடத்துக்கான குத்தகை, தோட்டம் போடுவதற்கு அல்ல.

பாலிக் கிராமத்தில் நிர்வாகம் இரண்டு. அரசுக் கிராமத்துக்கு ‘பெர்பெகெல்’ தலைவர். வழக்காற்றுக் கிராமமான ‘தேச அதாத்’துக்கு ‘பெண்டேச’. கையெழுத்து ஒருவரிடமும் சம்மதம் இன்னொருவரிடமும் வாங்க வேண்டியிருக்கும். ஊர்க் கட்டுப்பாடான ‘அவிக்-அவிக்’ உங்களையும் கட்டும்: மாதப் பங்களிப்பு, கோயில் அருகே கட்டக் கூடாத தூரம், பாலியின் மௌன நாளான ஞெப்பியில் 24 மணி நேரம் வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாதிருப்பது (அன்று விமான நிலையமே மூடியிருக்கும்). முண்டுக், கோப்லெக், கெசிங், உமெஜெரோ என்ற நான்கு ஊர்களும் சேர்ந்து தம்ப்லிங்கான் ஏரிக் காட்டைப் புனிதமாகக் காக்கின்றன. தண்ணீரின் தாய் அந்தக் காடு. அந்தப் பக்கம் ‘ஏரி தெரியும் மனை’ என்று யாராவது காட்டினால் பேச்சே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை அடங்கவில்லை என்றால், பணம் நகரும் முன் செய்ய வேண்டியவை. உரிமையாளரின் ஹக் மிலிக் சான்றிதழை நீங்களே நியமிக்கும் நோட்டரி மூலம் நில அலுவலகத்தில் சரிபாருங்கள். நம் வில்லங்கம் பார்ப்பது போலத்தான். ‘பிபில்’ என்ற பழைய வரிக் காகிதத்தைக் காட்டினால் அது உரிமைப் பத்திரம் ஆகாது. வழக்காற்றுக் கிராமத்துப் பொது நிலமாக இருந்தால் தனி ஆள் குத்தகைக்கு விடவே முடியாது. அடுத்து மண்டலம்: பசுமை மண்டலத்திலோ பாதுகாக்கப்பட்ட வயல் நிலத்திலோ விழுந்தால் ‘பேபேகே’ என்ற கட்டட அனுமதி கிடைக்காது. ‘பக்கத்தில் எல்லாரும் கட்டியிருக்கிறார்கள்’ என்பது அனுமதி அல்ல. பாதை உரிமையும் ஊற்றுநீர்க் குழாய் இணைப்பும் எழுத்தில் வேண்டும்.

ஒப்பந்தம் இந்தோனேசிய மொழியில் இருக்க வேண்டும் என்பது 2009-ஆம் ஆண்டுச் சட்டம். ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் ரத்து செய்த வழக்கு உண்டு. தொகை ருப்பியாவிலேயே. உரிமையாளரின் மனைவியும் வயது வந்த வாரிசுகளும் கையெழுத்திடட்டும். நிலம் விற்கப்பட்டாலும் குத்தகை தொடரும் என்பதை அந்நாட்டுச் சிவில் சட்டம் சொல்கிறது, இருந்தாலும் எழுதுங்கள். குத்தகைக் காலத்தில் நிலத்தை அடமானம் வைக்கக் கூடாது, அசல் சான்றிதழ் நோட்டரியிடம் இருக்க வேண்டும். உங்களுக்குப் பின் மனைவிக்கோ பிள்ளைக்கோ மாறும் உரிமை, பிறருக்கு மாற்றிக்கொடுக்கும் உரிமை இரண்டும் வேண்டும். நீட்டிப்புக்கு ‘அன்றைய சந்தை விலை’ என்றிருந்தால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. இன்றைய விலைக்கு மேல் எத்தனை சதவிகிதம் என்று வாய்பாடு இருக்க வேண்டும்.

இனி நம் பக்கம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். உங்கள் தொகை அதற்குள் அடங்கும். ஆனால் இத்தகைய சொத்துக்காக அனுப்பும் பணத்துக்கு வங்கி கடன் தரக் கூடாது என்பதும் அதே விதி. வேறு காரணம் சொல்லிக் கோவை வீட்டின் மேல் கடன் வாங்கி அனுப்புவது பொய் உறுதிமொழி ஆகும்; ஓய்வுக்கு நான்கு வருடம் முன்னால், 25 வருடத்தில் கரையும் ஒன்றுக்காக, கரையாத வீட்டைப் பணயம் வைப்பதும் கூடாது. அனுப்பும்போது 10 லட்சத்துக்கு மேல் 20% டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள்: 1.14 கோடிக்கு 20.8 லட்சம். வருமான வரியில் சரிக்கட்டலாம், ஆனால் அதுவரை கையைக் கடிக்கும். மனைவியும் ஒப்பந்தத்தில் கூட்டாக இருந்து அவர் கணக்கிலிருந்தும் அனுப்பினால் அவருக்கும் தனி 10 லட்ச வரம்பு உண்டு. ஒவ்வொரு வருடமும் வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் குத்தகையைக் காட்டுங்கள். விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். பணத்தை மூன்றாம் நாட்டுக் கணக்குக்கோ தரகர் கணக்குக்கோ போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: குளிருக்குத்தான் ஆசை என்றால், வருடத்துக்கு 40 இரவு அங்கேயே வாடகைக்குத் தங்குங்கள். இரவுக்கு 12 லட்சம் ருப்பியா வீதம் 4.8 கோடி, அதாவது 2.5 லட்சம் ரூபாய். 75 லட்சத்தின் வட்டி 4.9 லட்சம் வரும், பாதிதான் செலவு. இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் கிடைக்கும் விசா 5 லட்சம் ருப்பியா, 30 நாள், ஒருமுறை நீட்டிக்கலாம்; பாலிக்கான சுற்றுலாக் கட்டணம் ஆளுக்கு 1.5 லட்சம் ருப்பியா. இரண்டு மழைக்காலம் அப்படித் தங்கிய பிறகும் அதே 8 ஏர் வேண்டும் என்று தோன்றினால் சான்றிதழ் நகல், மண்டலச் சான்று, பெண்டேசவின் சம்மதக் கடிதம் மூன்றையும் தரகரிடம் கேளுங்கள். அதற்குள் அந்த இடத்தை வேறொருவர் எடுத்துவிட்டார் என்றால் விட்டுவிடுங்கள். பக்கத்துச் சரிவிலும் 8 ஏர் இருக்கும்.