பைபாஸுக்குப் பிறகு பிரஷர் ஏறவில்லை என்றால் பி12 ஏன் போடுகிறார்கள்?

அது சத்து ஊசிதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் ரத்தம் ஓடி வந்தபின் சிலருக்கு உடம்பில் நைட்ரிக் ஆக்சைடு அளவுமீறி உருவாகி, ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துவிடும். இதயம் நன்றாகவே அடித்தாலும் பிரஷர் நிற்காது. வாசோபிளீஜியா என்று பெயர். முதலில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் மருந்துகளான நார்அட்ரினலின், வாசோபிரெசின். அதற்கும் மசியாதபோதுதான் ஹைட்ராக்சோகோபாலமின், அதாவது பி12-இன் ஒரு வடிவம், வழக்கமாக 5 கிராம், ரத்தக்குழாய் வழியாக. நம் ஒரு நாள் தேவை 2.4 மைக்ரோகிராம்தான், கணக்குப் போட்டால் சுமார் 20 லட்சம் மடங்கு! இது நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. சயனைடு விஷத்துக்கும் இதே மருந்துதான், இதே அளவுதான்.

இதே பிரச்சினைக்கு மெத்திலீன் புளூ என்ற மருந்தும் உண்டு, ஆனால் சில மனச்சோர்வு மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் ஜி6பிடி (சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு என்சைம்) குறைபாடு உள்ளவர்களுக்கும் அது ஆபத்து.

அப்புறம், பி12 போட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், தோலும் சிவக்கும், பயப்படாதீர்கள். டயாலிசிஸ் மெஷின்தான் ரத்தம் கசிகிறது என்று ஏமாந்து நின்றுவிடலாம். ஆதாரம் என்று பார்த்தால் பெரும்பாலும் தனித்தனி நோயாளிகளின் அனுபவங்களும் சிறு ஆய்வுகளும்தான், அதனால் இதை முதல் மருந்தாக யாரும் எடுப்பதில்லை.