புது டிஸ்க்கிலும் அதே எர்ரர்: கோளாறு எங்கே?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். நான்கு வருடத்துக்கு முன் உள்ளூர்க் கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். சில மாதங்களாக ஆன் செய்யும்போதெல்லாம் ‘ஸ்கேனிங் அண்ட் ரிப்பேரிங் டிரைவ்’ என்று வந்து நிற்கிறது. ஃபைல் காப்பி செய்தால் பாதியில் அப்படியே உறைந்துவிடுகிறது. கடையில் இரண்டு தடவை ஃபார்மேட் அடித்து, தடவைக்கு 600 ரூபாய் வாங்கினார்கள். மூன்றாவது தடவை ‘ஹார்ட் டிஸ்க் போச்சு’ என்று புது 1 டிபி டிஸ்க் போட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, திரும்பவும் அதே தொல்லை. இப்போது ‘மதர்போர்டு போயிருக்கும், புது சிஸ்டமே வாங்கிடுங்க’ என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பழைய டிஸ்க்கில் வந்த கோளாறு புது டிஸ்க்கிலும் அப்படியே வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரண்டு டிஸ்க்குக்கும் பொதுவாக இருந்தவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள், அது செருகியிருக்கும் போர்ட், மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். இந்த மூன்றில் எதை மாற்றிப் பார்த்தீர்கள் என்று கடையில் கேளுங்கள். கேபிள் நூறு, நூற்றைம்பது ரூபாய்ப் பொருள். அதைத் தொடாமல் ஆயிரக்கணக்கில் டிஸ்க்கை மட்டும் மாற்றிக் கொடுப்பது பல இடங்களில் நடக்கிறது.

அதற்கும் முன்னால், வீட்டுப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் ஸ்கேன், கணக்கு வழக்கு எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு பென் டிரைவிலோ வெளி டிஸ்க்கிலோ எடுத்து வையுங்கள். சினிமா, கேம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஃபைலில் வந்து நின்றுவிட்டால் அதோடு மல்லுக்கட்டாமல் தாண்டிப் போய்விடுங்கள். கோளாறு கேபிளோ டிஸ்க்கோ, எதுவாக இருந்தாலும் நம் கையில் நகல் இருந்தால்தான் பதறாமல் பார்க்க முடியும்.

அடுத்து, கோளாறு எங்கே என்று டிஸ்க்கையே கேட்கலாம். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்பது அந்தக் குறிப்பேட்டின் பெயர். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அது பட்டியலாகத் திரையில் வரும். அதில் நான்கு வரி போதும்: 05, சி5, சி6, சி7. கடைசிப் பத்தியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அது பதினாறடிமான முறையில் வரும். அதாவது 10 என்று இருந்தால் நம் கணக்கில் 16. மெனுவில் அதைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது.

05 என்பது கெட்டுப்போய், மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள், அதாவது டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னச் சின்ன இடங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்பவை. சி6 என்பது சோதித்தும் சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றும் டிஸ்க்கின் உடம்பைப் பற்றியவை. சி7 அப்படி இல்லை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே போகும் வழியில் தகவல் எத்தனை தடவை சிதைந்தது என்று அது எண்ணுகிறது. முதல் மூன்றும் பூஜ்யமாக இருந்து சி7 மட்டும் ஏறிக்கொண்டே போனால் நூற்றுக்குத் தொண்ணூறு கேபிள்தான் காரணம் என்று நான் சந்தேகப்படுவேன்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். சி7 எவ்வளவு ஏறினாலும் அந்த மென்பொருள் நீல நிறத்தில் ‘குட்’ என்றுதான் காட்டும். மற்ற மூன்றையும் வைத்துத்தான் அது மஞ்சளுக்கு மாறும். ‘டிஸ்க் குட் காட்டுது, அப்போ மதர்போர்டுதான்’ என்று கடையில் முடிவு கட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். இன்னொன்று, சி7 ஏறினால் இறங்காது. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அப்படியே நிற்கும். எனவே இன்றைய எண்ணைக் குறித்துக்கொண்டு, கேபிளை மாற்றி, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். எண் நகராமல் நின்றால் விஷயம் முடிந்தது. நகர்ந்தால் கேபிளை மதர்போர்டில் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அதிலும் நகர்ந்தால்தான் மதர்போர்டைச் சந்தேகிக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் சில சமயம் கண்ணிலேயே பட்டுவிடும். கேபிள் முனையில் சின்ன உலோகக் கிளிப் இருக்க வேண்டும். அது இல்லாத மலிவுக் கேபிள் ஃபேன் அதிர்விலேயே மெல்ல நழுவும். தகட்டை மூடும்போது அழுந்தி, முனையருகே ‘ட’ மாதிரி மடிந்து கிடக்கும் கேபிளும் நம்பத்தக்கது இல்லை. தேவனாம்பட்டினத்து உப்புக் காற்று நம் பைக் செயினை என்ன செய்கிறது என்று தெரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இணைப்புகளும் அதே காற்றில்தான் இருக்கின்றன. கேபிளைக் கழற்றித் திரும்ப அழுத்திச் செருகியதிலேயே சரியான சிஸ்டங்கள் உண்டு.

எஸ்.எம்.பி.எஸ்.ஸை மல்டிமீட்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் சோதிக்கச் சொல்லுங்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவிலும், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவிலும் நிற்க வேண்டும். சும்மா ஆன் செய்து பார்த்தால் போதாது, பெரிய ஃபைல் ஏதாவது காப்பியாகும்போது பார்க்க வேண்டும். ஒரே வயரை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் மாட்டியிருந்தால் அதைத் தூக்கிவிட்டு நேரடியாகக் கொடுத்துப் பார்க்கட்டும்.

ஒருவேளை புது டிஸ்க்கிலேயே 05 அல்லது சி6 ஏறியிருந்தால் அது பழுதான சரக்கு. வாரண்டியில் மாற்றித் தரக் கேளுங்கள். வாரண்டி டிஸ்க்குக்கு மட்டும்தான், அதிலுள்ள தகவலுக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம். சி5 மட்டும் கொஞ்சம் இருந்தால் உடனே டிஸ்க்கைக் குறை சொல்ல முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் அப்படி ஆகும், அந்த இடத்தில் மறுபடி எழுதும்போது தானே சரியாகிவிடுவதும் உண்டு. மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்படிப் போய்ப் போய் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் யு.பி.எஸ். இல்லையென்றால் புது டிஸ்க்குக்கு முன் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஃபார்மேட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கடையில் வழக்கமாக அடிக்கும் குவிக் ஃபார்மேட், டிஸ்க்கின் பொருளடக்கத்தை மட்டும் புதிதாக எழுதுகிறது. கெட்ட இடம் இருந்தால் அது அங்கேயே கிடக்கும், கேபிள் கோளாறு கேபிளிலேயே இருக்கும். என்ன சோதனை செய்து ஃபார்மேட் தேவை என்று முடிவு செய்தீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். காசு வாங்கிச் செய்யும் ரிப்பேரும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான், அதில் குறைபாடு இருந்தால் புகார் செய்யலாம். கழற்றிய பழைய டிஸ்க்கையும் திரும்ப வாங்கிவிடுங்கள். அது நல்ல டிஸ்க்காகவே இருக்கலாம். அதோடு உங்கள் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அதில் இருக்கும், ஃபார்மேட் அடித்தாலும் மீட்டெடுக்க முடியும்.

கேள்வி: நான் திருப்பாதிரிப்புலியூர். புதுச்சேரியில் ஒரு கடையில் ‘புதுசு’ என்று சொல்லி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். வீட்டில் வந்து பார்த்தால் 21,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது. எர்ரரும் வருகிறது. பில் கேட்டதற்கு வெள்ளைத் தாளில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று போர்டு இருக்கிறது. கேஸ் போட்டாலும் புதுச்சேரியில்தான் போட வேண்டும், அலைய வேண்டியிருக்கும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை. நீங்கள் கடலூரிலேயே போடலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 34-இன்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கடை வேறு மாநிலத்திலோ யூனியன் பிரதேசத்திலோ இருப்பது தடை இல்லை. 2020 ஜூலை 20 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எல்லை தாண்டி வாங்குவது நம் ஊரில் அன்றாடம் நடக்கிற காரியம் என்பதால் இதை எல்லோருமே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

21,000 மணி நேரம் என்றால் ராப்பகலாக 875 நாள். ஏதோ சிசிடிவி ரெக்கார்டரிலோ சர்வரிலோ உழைத்துக் களைத்த டிஸ்க்காக இருக்கலாம். பழைய பொருளை, புதுப்பித்த பொருளைப் புதியது என்று சொல்லி விற்பதும், பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் இதே சட்டத்தின் பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், திரும்பப் பெற்றுப் பணம் தருவதற்கு 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. சுவரில் மாட்டிய போர்டு சட்டத்தைத் தாண்டிப் போக முடியாது.

ஆதாரத்தை இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள சீரியல் எண்ணை போட்டோ எடுங்கள். மென்பொருள் காட்டும் சீரியல் எண்ணும் ஓடிய மணி நேரமும் ஒரே திரையில் தெரிகிற மாதிரி இன்னொரு படம். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியிருந்தால் அந்த ரசீது, வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அது, அந்த வெள்ளைத் தாளும்கூட. தயாரிப்பாளரின் இணையதளத்தில் சீரியல் எண்ணைப் போட்டால் வாரண்டி இருக்கிறதா, எப்போது முடிகிறது என்று தெரியும். ஏற்கெனவே முடிந்துவிட்டதாக வந்தால் உங்கள் வழக்குக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பிறகு கடைக்கு ஒரு கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: ஓடிய நேரம் பூஜ்யமாகக் காட்டினாலே டிஸ்க் புதிது என்று நம்பிவிட வேண்டாம். அந்த எண்ணை அழித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் வாங்கினால்தான் பிடி நம் கையில் இருக்கும்.

கேள்வி: பாகூரிலிருந்து எழுதுகிறேன். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை ஒட்டி தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது எங்கள் கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி வெயிலில் காயவைத்து அப்படியே வைத்திருக்கிறேன். அதில் மகள் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. ஒரு தடவை மாட்டிப் பார்க்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் காற்றழுத்தத்துக்காக ஒரு சின்னத் துளை இருக்கும். அதன் வழியாகச் சேற்று நீர் உள்ளே போயிருக்கலாம். காய்ந்த மண் உள்ளே சுழலும் தட்டின் மேல் படிந்திருக்கும்போது கரண்ட் கொடுத்தால், படிக்கும் முனை அந்தத் தட்டைச் சுரண்டிவிடும். அதற்குப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. தூசி இல்லாத அறையில் டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யும் தகவல் மீட்பு நிறுவனங்கள் சென்னை, பெங்களூரு போன்ற ஊர்களில் இருக்கின்றன. முதலில் பரிசோதனைக் கட்டணம் எவ்வளவு, படங்கள் கிடைக்காவிட்டாலும் பணம் கட்ட வேண்டுமா என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். செலவு பல ஆயிரம் ஆகும். கல்யாணத்தின்போது போட்டோ எடுத்த ஸ்டூடியோவிலும் உறவுக்காரர்கள் போனிலும் முதலில் தேடிப் பாருங்கள். அதிலேயே பாதி கிடைத்துவிடலாம்.

கேள்வி: நெல்லிக்குப்பம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. செக் டிஸ்க் ஓட்டினால் சரியாகும் என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன். ஓட்டலாமா?

பதில்: கூடாது. விடாமல் வரும் அந்தச் சத்தம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறும் சத்தம். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சோதனைக் கருவியான செக் டிஸ்க்கை முழுச் சோதனைக்கு விட்டால் அது மொத்த டிஸ்க்கையும் மணிக்கணக்கில் படிக்கும். நலிந்த டிஸ்க் அதிலேயே உயிரை விட்டுவிடும். தகவல் முக்கியம் என்றால் உடனே அணைத்துவிட்டுப் பாகூர் நண்பருக்குச் சொன்ன வழியில் போங்கள். முக்கியமாக எதுவும் இல்லையென்றால் கழற்றிவிட்டு வேறு டிஸ்க் போடுங்கள். விண்டோஸுக்கு 250 ஜிபி அளவில் ஒரு எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போதும், வீட்டு உபயோகத்துக்கு வேகமாக இருக்கும். ஆனால் அது சத்தம் எதுவும் போடாமல் திடீரென்று நின்றுவிடக்கூடியது, எனவே படங்களுக்கு ஒரு வெளி டிஸ்க்கையும் சேர்த்தே வாங்குங்கள்.