சாலிட்டேர் எங்கே போனது?

கேள்வி: கம்ப்யூட்டரோடு சும்மா வந்துகொண்டிருந்த சாலிட்டேர், மைன்ஸ்வீப்பர், பின்பால் ஆட்டங்கள் எல்லாம் எங்கே போயின? மவுஸ் பழகுவதற்காக வைத்தார்கள், எல்லோரும் பழகிவிட்டதால் எடுத்துவிட்டார்கள் என்கிறார் என் நண்பர். சரிதானா?

பதில்: பாதி சரி. மவுஸ் பழகி முடித்த பிறகும் அவை வருடக்கணக்கில் விண்டோஸில் இருந்தனவே, அதற்கு என்ன சொல்வார் உங்கள் நண்பர்?

சாலிட்டேரை எழுதியவர் வெஸ் செர்ரி. 1988-ல் மைக்ரோசாஃப்டில் பயிற்சிக்கு வந்திருந்த மாணவர், எழுதியது பொழுதுபோக்குக்காக. சீட்டுகளை வரைந்தது ஆப்பிளின் மேக்கின்டாஷ் கணினிக்கு ஐகான்களை வரைந்த அதே சூசன் கேர். 1990-ல் விண்டோஸ் 3.0-வோடு ஆட்டம் வெளியானது. சீட்டை மவுஸால் பிடித்து இழுத்துப் போட்டுப் போட்டே பலருக்குக் கை பழகியது வாஸ்தவம்தான். செர்ரிக்கு ராயல்டி என்று ஒரு பைசா கிடையாது. மேலதிகாரி வந்தால் ஒரு விசையைத் தட்டி ஆட்டத்தை மறைக்கும் வசதியையும் மனுஷன் வைத்திருந்தார். கம்பெனி அதை எடுக்கச் சொல்லிவிட்டது!

மைன்ஸ்வீப்பர் முதலில் சும்மா வந்ததே இல்லை. 1990-ல் தனியாக விற்ற விளையாட்டுத் தொகுப்பில் இருந்தது. 1992-ல் விண்டோஸ் 3.1-க்குள் வந்தபோது, அதுவரை இருந்த ரிவர்சி என்ற பலகை ஆட்டம் இடத்தை இழந்தது. ஃப்ரீசெல் என்ற இன்னொரு சீட்டாட்டத்துக்கு வந்த மவுசு தனி. அதில் 32,000 ஆட்டங்கள். ரசிகர்கள் பங்கு பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றாக முடித்தார்கள்; 11982-ஆம் எண் ஆட்டம் மட்டும் யாருக்கும் மசியவில்லை. மவுஸ் பழகுகிறவர்கள் செய்கிற வேலையா இது?

பின்பால் மட்டும் போனது சொந்த நோயால். அது வெளியாரிடமிருந்து வாங்கியது. நிரலில் விளக்கக் குறிப்பு எதுவும் இல்லை. புதிய 64 பிட் கணினிகளுக்கு ஏற்ப மாற்றியபோது பந்து எதன் மீதும் மோதாமல் ஊடுருவிப் போனது. ஆட்டம் தொடங்கியதும் பந்தை உந்தித் தள்ளவேண்டிய தண்டையே கடந்து கீழே விழுந்துவிடும். அந்தக் கோளாறு எங்கே என்று மைக்ரோசாஃப்ட் பொறியாளர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. விண்டோஸ் விஸ்டாவில் அதற்கு இடமில்லாமல் போனது.

மற்றவை போனது 2012-ல், விண்டோஸ் 8 வந்தபோது. அழிந்து போகவில்லை, கடைக்குப் போயின. மைக்ரோசாஃப்டின் ஆப் கடையான ஸ்டோரில் தேடி எடுத்து ஆட வேண்டும், நடுவே விளம்பரம் பார்க்க வேண்டும். 2015-ல் விண்டோஸ் 10-ஓடு சாலிட்டேர் திரும்பி வந்தது, விளம்பரத்தையும் கூட்டிக்கொண்டு. விளம்பரம் வேண்டாமென்றால் சந்தா கட்ட வேண்டும். ஆடுவதற்கு ஆள் குறைந்ததால் அல்ல, இத்தனை பேர் ஆடுவதைச் சும்மா விடுவானேன் என்று தோன்றியதால்தான் இந்த மாற்றம் என்பேன்.

விளம்பரத் தொல்லை இல்லாமல் ஆட ஆசையா? விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளம் பக்கம் போய்ப் பாருங்கள். சீட்டாட்டம், கண்ணிவெடி ஆட்டம் இரண்டுமே அங்கே இன்னமும் இலவசம்.